உறுத்தாமல் திருட ஒரு கணக்குப்பிள்ளையின் கையேடு

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதினேன். கடைப் பெயர் வேண்டாம். முதலாளி காலமாகிவிட்டார். பிள்ளைகள் நல்லவர்கள், பொங்கலுக்குப் பொங்கல் இன்னும் வேட்டி அனுப்புகிறார்கள். அந்த இருபத்தாறு வருடத்தில் ஒரு ரூபாயை நான் கையாடியதில்லை. மற்றவர்கள் கையாடியதை அழகான கையெழுத்தில் வரவு வைத்தேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் கணக்குப்பிள்ளைக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தர். எமனிடம் வேலை பார்க்கிறவர், ஒரு கையில் எழுத்தாணி, ஒரு கையில் ஏடு. சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்காது. அன்றைக்குப் பெரியவர்கள் அவரிடம் என்ன வேண்டிக்கொள்வார்கள் தெரியுமா? மலையளவு பாவத்தைக் கடுகாக எழுது, கடுகளவு புண்ணியத்தை மலையாக எழுது என்று. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் கணக்கைத் திருத்துவது. கோயிலில் பெயர் பிரார்த்தனை.

அதனால்தான் சொல்கிறேன், குற்றம் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்க விரும்புகிறவர் கற்றுக்கொள்ள எங்கள் ஊரைவிடத் தோதான இடம் கிடையாது. குற்றத்தை ஒழிப்பது அரசாங்கத்தின் பாடு. உறுத்தலை ஒழிப்பது நம் பாடு. அதற்கு இந்தக் கையேடு.

தேவையான பொருட்கள்: தராசு ஒன்று, முத்திரை போட்டது. நோட்டு இரண்டு. சாமி படம் ஒன்று, கல்லாவுக்கு நேர் மேலே மாட்ட. நம்மைவிட இளைத்தவர்கள், தேவையான அளவு.

படி 1: வாயால் திருடாதீர்கள்

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் செய்கிற பெரிய பிழை இது. பிரியதர்ஷன் எடுத்த ‘காஞ்சிவரம்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2007-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கும் சிறந்த நடிகருக்கும் தேசிய விருது வாங்கியது. பிரகாஷ்ராஜ் அதில் வேங்கடம் என்கிற நெசவாளி. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவன் வீட்டில் ஒரு முழம் பட்டு கிடையாது. மகளைப் பட்டுப்புடவையில் கட்டிக்கொடுப்பேன் என்று சொல்லிவிட்டான். கூலியில் அது நடக்காது என்று தெரிந்ததும், வேலை முடிந்து போகும்போது தினம் ஒரு துளி பட்டு நூலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு போகிறான். வீட்டில் ராத்திரி யாருக்கும் தெரியாமல் தறி போட்டு நெய்கிறான். ஒருநாள் நூல் வாயிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. அடி, உதை, சிறை. கடைசியில் அந்தப் பாதிப் புடவை மகளின் பிணத்தைக்கூட முழுசாக மூடவில்லை.

தியேட்டரில் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் தொழில்முறையில் பார்த்தால் அவன் செய்தது சுத்தத் தப்பு. ஒன்று, தானே திருடினான். இரண்டு, தன் உடம்பிலேயே தடயத்தை வைத்துக்கொண்டான். மூன்று, எதிலும் எழுதவில்லை. எழுதாமல் எடுத்தால் திருட்டு. எழுதிவிட்டு எடுத்தால் அதற்குக் கழிவு என்று பெயர்.

படி 2: ஈரத்தால் திருடுங்கள்

இது இந்தக் கையேட்டின் உயிர்நாடி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கூலிக்கு நெய்கிறவருக்கு முதலாளி சாயம் போட்ட பட்டு நூலையும் சரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். ஒரு பாவில் வழக்கமாக மூன்று புடவை. கோர்வைப் புடவை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் ஊடையிலேயே கோர்த்து நெய்ய வேண்டும். பத்து நாளோ இருபது நாளோ ஒரு புடவைக்கு ஆகும். நெய்து கொண்டுவந்ததும் திரும்ப நிறுப்போம். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் வித்தியாசம் இருந்தால், சேதாரம் போக மீதியைக் கூலியில் கழிப்போம். இது வரைக்கும் நியாயம். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும்.

இப்போது பட்டின் குணத்தைக் கேளுங்கள். பருத்தி நனைந்தால் கை சொல்லிவிடும். பட்டு சொல்லாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தைக் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கும். உலகச் சந்தையில் பட்டு விற்கிறவர்களே, நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரம் இயல்பு என்று கணக்கு வைத்துத்தான் எடை போடுகிறார்கள். அதற்கு மேலே ஏறினால் யாருக்குத் தெரியப்போகிறது?

கார்த்திகை மாதம், வெளியே மழை சாத்துகிறது, சாயப்பட்டறையிலிருந்து நூல் சிட்டம் வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அப்போது நிறுத்துக் கொடுங்கள். தை கடைசியில், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, புடவையை நிறுத்து வாங்குங்கள். இடையில் ஆகாசத்துக்குப் போன தண்ணீரை நெசவாளி திருடிவிட்டான் என்று தராசே சொல்லும். நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை. தராசில் முத்திரை இருக்கிறது. முள் நடுவில் நிற்கிறது. எல்லாம் உண்மை.

வேங்கடம் எச்சிலில் நனைத்து எடுத்தான், சிறைக்குப் போனான். நாங்கள் மழையில் நனைத்து எடுத்தோம், வருமான வரி கட்டினோம். தமிழில் ஈரம் என்றால் இரக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. எங்கள் கடையில் அந்தப் பொருளில் யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்திக் கேட்டதில்லை.

படி 3: குற்றத்தைப் பங்கு போடுங்கள்

ஒரு ஆள் ஒரு மூட்டையைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நூறு பேர் ஆளுக்கு ஒரு பிடி எடுத்தால் மூட்டையே இருந்ததாகத் தெரியாது. உறுத்தலும் இப்படித்தான்.

‘அசல் காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு’ என்று ஒரு விசைத்தறிப் புடவை விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் குற்றவாளி யார்? விசைத்தறிக்காரரைக் கேளுங்கள்: “நான் புடவை நெய்தேன், காஞ்சிபுரம்னு நான் சொல்லலை.” மொத்த வியாபாரி: “நான் வாங்கினேன், வித்தேன். பில்லுல ‘பட்டுப்புடவை’ன்னுதான் இருக்கு.” கடைக்காரர்: “கஸ்டமர் காஞ்சிபுரம் கேட்டாங்க, காஞ்சிபுரத்துல வெச்சுத்தான் வித்தோம்.” கடைக்குக் கூட்டிவந்த ஆட்டோக்காரர்: “நமக்கு கமிஷன் சார்.” வாங்கினவர்: “விலை கம்மியா இருந்துச்சு.” வரிசையாக ஐந்து பேர், ஐந்து பேரும் நல்லவர்கள். நடுவில் ஒரு பொய் அநாதையாக நிற்கிறது.

பட்டு வருவது கர்நாடகத்திலிருந்து, சரிகை சூரத்திலிருந்து. பிறகு காஞ்சிபுரம் என்பதே ஒரு நினைப்புதானே என்று தத்துவம் பேசவும் இடமிருக்கிறது. பட்டு எங்கிருந்து வந்தாலும், எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியில் கால் மிதித்து, கரையைக் கோர்த்து, முந்தியை இணைத்து எடுக்கிற வேலைக்குத்தான் அந்தப் பெயர் என்று யாராவது பதில் சொன்னால், டீ வரவழைத்துப் பேச்சை மாற்றுங்கள்.

சட்டத்தைப் பற்றிப் பயம் வேண்டாம், தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பொய்யாக ஒட்டினால் 1999-ம் வருடச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். கைத்தறிக்கு என்று ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்தால் 1985-ம் வருடச் சட்டம் பாயும். பாய்ந்து என்ன செய்யும்? சட்டம் வந்தபோது எழுதினபடி 6 மாதம் வரை சிறை, அல்லது தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல முகூர்த்தப் புடவை ஒன்றின் விலையில் பல தறிகளுக்கு அபராதம் கட்டி, மீதிக்கு ஊரில் அன்னதானமும் போடலாம்.

படி 4: பொய் சொல்லாதீர்கள்

கவனியுங்கள், நான் நேர்மையான மனிதன். பொய் சொல்லச் சொல்லவே மாட்டேன். உண்மையை அளவாகச் சொல்லச் சொல்கிறேன்.

புடவையில் சில்க் மார்க் அட்டை தொங்குகிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாடு, 2004-லிருந்து இருக்கிறது. அது சொல்வது ஒன்றே ஒன்று: இது சுத்தமான பட்டு. கையால் நெய்ததா, எந்த ஊரில் நெய்தது, நெய்தவருக்கு என்ன கூலி என்றெல்லாம் அந்த அட்டை பேசாது. வாடிக்கையாளர் அட்டையைப் பார்த்துவிட்டு, “அப்ப ஒரிஜினல் காஞ்சிபுரம்தானே?” என்பார். நீங்கள் அட்டையை ஒரு தரம் திருப்பிக் காட்டி, “கவர்ன்மெண்ட் சீல் இருக்கேம்மா” என்று சொல்லுங்கள். சொன்னதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. மிச்சத்தை அந்த அம்மாவே சொல்லிக்கொண்டார். அவர் சொன்ன பொய்க்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு?

விவரம் தெரிந்த பாட்டிமார்கள் வந்தால் மட்டும் ஜாக்கிரதை. அவர்கள் அட்டையைத் தொட மாட்டார்கள். புடவையைத் திருப்பிப் போட்டு, கரை உடலோடு சேருகிற இடத்தில் விரலை ஓட்டுவார்கள். கோர்வை என்றால் சேருமிடம் பல் பல்லாகக் கையில் தட்டுப்படும். பிறகு முந்தியில் ஒரு சரிகை இழையைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டுவார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் சரிகை. அப்படி ஒரு பாட்டி சுரண்ட ஆரம்பித்ததும் எங்கள் முதலாளி, “அம்மாவுக்கு உள் ரூம்ல இருக்கற சரக்கைக் காட்டுப்பா” என்று குரல் கொடுப்பார். அசல் உள் அறையில்தான் இருக்கும். கேட்காதவர்களுக்கு அதைக் காட்டி மனசைக் கலைப்பானேன்?

படி 5: இடது பக்கம் பார்க்காதீர்கள்

கோர்வைத் தறியில் ஊடை இழையைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓடும். வலது கரைக்கும் உடலுக்கும் உள்ளதை நெசவாளி பார்த்துக்கொள்வார். இடது கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் தனிக் கூலி கொடுக்க நெசவாளிக்குக் கட்டாது. ஆகவே அங்கே மனைவி உட்காருவாள். இல்லாவிட்டால் ஒரு பிள்ளை.

அந்தப் பிள்ளை யாருடையது? எங்கள் ஊரில் ரொம்ப நாள் இது கேட்கக் கூடாத கேள்வியாக இருந்தது. கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பெற்றவர்கள் ஒரு முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடன் தீருகிற வரைக்கும் பிள்ளை தறியில். கடன் தீராது, அது கடனின் குணம். 1976-ம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இப்படிப்பட்ட கடன்களையே செல்லாதவை ஆக்கியது. சட்டம் வந்து இருபத்தேழு வருடம் கழித்து, 2003-ல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு அறிக்கை போட்டது. காஞ்சிபுரம் அதில் இருந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு உறுத்தினால் கவலை வேண்டாம், மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. 1986-ம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்கிற வேலையை விட்டுவைத்தது. அதிகாரி வருகிறார் என்று தெருமுனையில் சத்தம் கேட்டால், தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஐந்து நிமிடத்தில் உறவாகிவிடுவார்கள். “இவன் யாரு?” “அக்கா பையன் சார்.” “அந்தப் பையன்?” “மச்சான் மவன் சார், லீவுக்கு வந்துக்கிறான்.” வருடம் முழுவதும் லீவு. இவ்வளவு சொந்தபந்தம் உள்ள ஊரை நீங்கள் எங்கும் பார்த்திருக்க முடியாது.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். இடது பக்கம் உட்கார ஆள் இல்லை என்று முதலாளிமார் வருத்தப்படுகிறார்கள். பாரம்பரியம் அழிகிறதே என்று அவர்கள் கண் கலங்கும்போது பக்கத்தில் நின்று நீங்களும் கலங்குங்கள். உறுத்தல் தீர அது நல்ல பயிற்சி.

படி 6: பழிக்கு ஒரு ஆளை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்

இதில் எங்கள் ஊருக்கு ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் அனுபவம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ ராஜா முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற சமஸ்கிருதக் கேலி நாடகம் காஞ்சித் தெருவிலேயே நடக்கிறது. ஒரு காபாலிகன், கூடவே அவன் காதலி, இரண்டு பேருக்கும் நல்ல போதை. அவனுடைய கபால ஓட்டைக் காணோம். அதில் சுட்ட இறைச்சி இருந்தது. எடுத்தது நாயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறான். நாய் எதிரே வரவில்லை, பிக்கு வந்தார். பிடித்துக்கொண்டான்.

பிக்கு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறார். இது வேறு நிறம், வேறு வடிவம் என்கிறார். மாற்றிவிட்டாய் என்கிறான் இவன். நியாயத்துக்குப் போகலாம் என்று பேச்சு வருகிறது. அங்கே போய் என்ன பிரயோசனம், இவருக்குப் பின்னால் விகாரங்களின் சொத்து இருக்கிறது, அதிகாரிகள் வாயை அடைத்துவிடுவார், நம்மிடம் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்கிறாள். யோசித்துப் பாருங்கள், இதை எழுதினவன் அந்த நியாயத்துக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருந்த ராஜா. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் ஓட்டோடு வருகிறான். நாயிடமிருந்து பிடுங்கினானாம்.

பாடம் என்ன? நாயைப் பிடிக்க ஓட வேண்டும். பிக்கு நடந்து வருவார். எங்கள் கடையில் சரிகை குறைந்தால் முதலில் சோதனை போடுவது கூட்டுகிற அம்மாவின் கூடையை.

படி 7: பார்த்ததை மறக்கப் பழகுங்கள்

இந்தப் படியில் மட்டும் எனக்குக் கேலி வரவில்லை. கையேடு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்க்கிறேன்.

2004 செப்டம்பர் 3. வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன், கோயிலுக்குள்ளேயே தன் அலுவலகத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். நாடு முழுக்கப் பேசிய வழக்கு. பெரிய மடம், பெரிய பெயர்கள், உச்ச நீதிமன்றம் வரை போய் விசாரணை புதுச்சேரிக்கு மாறியது. 189 சாட்சிகளை விசாரித்தார்கள். 80-க்கும் மேற்பட்டவர்கள் பிறழ் சாட்சி ஆனார்கள். 2013 நவம்பர் 27-ல் குற்றஞ்சாட்டப்பட்ட 23 பேரும் விடுதலை.

விடுதலையானவர்களைப் பற்றிப் பேச நமக்கு ஒன்றுமில்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுதான் முடிவு. நான் பார்ப்பது நோட்டைத்தான். பற்றுப் பக்கத்தில் ஒரு உயிர் இருக்கிறது. வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இப்படி ஒத்துப்போகாத தொகையை எங்கள் தொழிலில் அனாமத்துக் கணக்கில் போடுவோம். யாருடையது என்று தெரிகிற வரை அது அங்கே கிடக்கும். வருடக் கடைசியில் ஒரு கோடு போட்டு அடுத்த நோட்டுக்குக் கொண்டுபோவோம்.

முன்பு சொன்னது இன்னதென்று இப்போது ஞாபகமில்லை என்று கூண்டில் ஏறிச் சொன்ன அத்தனை பேரும் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். எப்படித் தூங்கினார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். இந்தப் படிக்குக் கைடு எழுத எனக்குத் தகுதி போதாது.

படி 8: மேலிடத்தில் நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்

இத்தனைக்குப் பிறகும் மிச்சம் மீதி உறுத்தினால் தெய்வம் இருக்கிறது. அதே வரதராஜர் கோயிலில் விதானத்தில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. தீர்த்தத்தில் பல்லி விழுந்ததைக் கவனிக்காததால் குருவின் சாபம் பெற்ற சீடர்கள் அவை என்று கதை. படியேறித் தொட்டால் தோஷம் போகும். எத்தனையோ லட்சம் விரல்கள் தொட்டுத் தொட்டு அந்தப் பல்லிகள் வழவழவென்று இருக்கின்றன. கவனக்குறைவுக்கு அந்தச் சீடர்களுக்குக் கிடைத்த தண்டனையையும், வேண்டுமென்றே செய்ததற்கு நமக்குக் கிடைக்கிற சலுகையையும் ஒப்பிட்டால், காலம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று புரியும்.

கைலாசநாதர் கோயிலில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை. தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். எங்கள் முதலாளி தொந்தியோடு முயன்றார். பாதியில் சிக்கி, பின்பக்கமாகவே வெளியே வந்தார். அது கணக்கில் சேருமா என்று என்னைத்தான் கேட்டார். “பாதி சேரும்” என்றேன். சம்பளம் ஏறியது.

பொன் கொடுப்பதானால் மட்டும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் புதிதாகச் செய்த சோமாஸ்கந்தர் சிலையில், பக்தர்கள் கொடுத்த தங்கம் சேரவே இல்லை என்று புகார் கிளம்பி, வழக்கு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போய், 2018-ல் அறநிலையத் துறை உயர் அதிகாரி வரைக்கும் கைது நடந்தது. குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எனக்குத் தோன்றியது வேறு. அதில் தங்கம் கொடுத்தவர்களில் பாவக் கணக்கைச் சரிக்கட்டக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள் இல்லையா? பொன் போய்ச் சேரவில்லை என்றால் அவர்கள் பாவம் இப்போது யார் கணக்கில் நிற்கிறது?

இன்னொரு எச்சரிக்கை. காஞ்சியில் ராஜா கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறித்தபோது, அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது, திருநின்றவூர்ப் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ நாளை மாற்று என்று சிவன் கனவில் சொன்னதாகப் பெரியபுராணத்தில் வருகிறது. ராஜா ஓடிப்போய்ப் பார்த்தால், பூசலாரிடம் காலணா கிடையாது. கோயிலை மனசுக்குள் கட்டியிருந்தார். ஆக, மேலிடத்தில் இருக்கிற தராசு எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. முத்திரையும் போட்டதாகத் தெரியவில்லை.

ஐயங்களும் விளக்கங்களும்

ஐயம்: நான் விற்கிறவன் இல்லை, வாங்குகிறவள். மகள் கல்யாணத்துக்கு நாற்பதாயிரம் சொன்ன புடவையைப் பேரம் பேசி இருபத்தெட்டுக்கு வாங்கினேன். எனக்கு ஏதாவது உண்டா?

விளக்கம்: குறைத்த பன்னிரண்டாயிரத்தில் முதலாளியின் பங்கு எவ்வளவு, நெசவாளியின் பங்கு எவ்வளவு என்று நீங்கள் கேட்காதவரை உங்களுக்கு ஒன்றுமில்லை. கேட்டுவிடாதீர்கள். கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வியா இது?

ஐயம்: செய்தவன் அனுபவிப்பான் என்கிறார்களே?

விளக்கம்: என் முதலாளி எண்பத்து மூன்று வயதில் தூக்கத்தில் போனார். குழித்தறியில் நாற்பது வருடம் மிதித்தவர்கள் பலர் மூட்டு தேய்ந்து, கண் மங்கி, எட்டுக்கு எட்டு அறையில் கிடக்கிறார்கள். அனுபவிப்பவர் யார் என்பது சரிதான், செய்தவர் யார் என்பதில்தான் எங்கோ பதிவுப் பிழை.

ஐயம்: சிலப்பதிகாரத்தில் பாண்டிய ராஜா தப்பு தெரிந்த நொடியே விழுந்து உயிரை விட்டானே?

விளக்கம்: அவனிடம் நல்ல கணக்குப்பிள்ளை இல்லை. நான் இருந்திருந்தால் கோவலனை அனாமத்தில் போட்டிருப்பேன். விசாரணைக் கமிஷன் வைத்திருக்கலாம். கண்ணகிக்கு ஒரு தொகையும் அரசு வேலையும் கொடுத்திருக்கலாம். மதுரை தப்பித்திருக்கும்.

இந்தக் கையேட்டில் உள்ள ஒரு குறை

எந்த மருந்துக்கும் ஒத்துக்கொள்ளாத உடம்பு ஒன்று இருக்கும். என் விஷயத்தில் அது 1997-ல் நடந்தது.

கார்த்திகையில் நூல் கொடுத்தோம். மழை விடாமல் பெய்த வாரம். சிட்டங்களை நான்தான் எடுத்து வைத்தேன். கைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இருபது வருடம் தொட்ட கை, குளிர்ச்சியில் கண்டுபிடித்துவிடும். எழுதினேன். தை முடிகிற நேரம் நெசவாளி மூன்று புடவையோடு வந்தார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. ஒரு இழை பிசகில்லை. தராசில் வைத்தேன். சேதாரம் போக 62 கிராம் குறைந்தது.

“இன்னொரு தபா போடுங்க கணக்குப்பிள்ளை” என்றார். போட்டேன். அதே 62. முதலாளி சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிராமுக்கு இரண்டு ரூபாய் மேனிக்கு 124 ரூபாய் கழிவு என்று பேனாவைத் திறந்தேன்.

வாசற்படியில் அவர் மனைவி நின்றிருந்தாள். கடைக்குள் பெண்கள் வருகிற வழக்கம் அப்போது இல்லை. அங்கே நின்றபடியே சொன்னாள்: “அண்ணே, ரெண்டு மாசமா நானுந்தான் எடப்பக்கம் குந்திக்கினு நாடா தள்ளினேன். எனக்குன்னு உங்க நோட்டுல ஒரு வரி இருந்தா, அதுல இதைக் கழிச்சிக்கோங்க.”

முதலாளி பேப்பரை இறக்கிவிட்டுச் சிரித்தார். நெசவாளியும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு 124 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். என் கையெழுத்து அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மேலே சொன்ன எட்டுப் படிகளையும் அதற்குப் பிறகு நானே செய்து பார்த்திருக்கிறேன். பங்கு போட்டுப் பார்த்தேன். முதலாளி மேல் பழி போட்டுப் பார்த்தேன். பல்லியைத் தொட்டேன், இரண்டையும். ஓய்வு பெற்ற பிறகு வந்த சித்ரா பௌர்ணமிக்கு நெல்லுக்காரத் தெருவுக்கே போனேன். நம் தொழில்காரர், நிலைமை புரிந்துகொள்வார் என்று ஒரு நம்பிக்கை. மலை, கடுகு என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. அந்த அம்மாவின் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்துவிடலாம் என்று தட்டை நீட்டினேன்.

“யார் பேருக்கு?” என்று கேட்டார் குருக்கள்.

இருபத்தாறு வருடம், ஐம்பது நோட்டுக்கு மேல். தறிக்காரர் பெயர் எல்லாம் இருக்கிறது, தெரு இருக்கிறது, பாவு நம்பர் இருக்கிறது, கிராம் சுத்தமாக எடை இருக்கிறது. இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் ஒருத்தர் பெயரும் இல்லை.

பின்னால் வரிசை நின்றது. குருக்கள் இன்னொரு தடவை கேட்டார். நான் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இந்த இடத்துக்கு மட்டும் இன்னும் ஒரு படி எழுத வேண்டியிருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லலாம்.